தீப்பொறியும் அயலாரும்: மோட்டார் வாகன மின்காந்த ஒழுங்குவிதிகளின் வரலாறு

தோற்றுவாய்

ஒருவன் தன் தேவைக்காக இயக்கும் கருவி மற்றொருவனுக்கு இடையூறாகுமிடத்து, அவ்விடையூற்றைத் தணிக்கும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? இது சட்டத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். அயலான் வளவுக்குட் பாயும் நீர் பற்றியும், வேலி கடந்து நீளும் மரக்கிளை பற்றியும் எழுந்த வழக்குகள் யாவும் இவ்வினாவின் வடிவங்களே. கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளின் வாயிலாக இடையூறு நேரும்போது இவ்வினா புதியதொரு சிக்கலைப் பெறுகின்றது. இடையூறு செய்பவன் தான் அதனைச் செய்வதை அறியான்; இடையூறு பெறுபவன் அது யாரிடமிருந்து வந்தது என்பதை அறியான்.

மோட்டார் வாகனங்களின் மின்காந்த இடையூற்றைக் கட்டுப்படுத்த எழுந்த ஒழுங்குவிதிகளின் வரலாற்றைப் பொறியியலாளர் தம் தொழிற்குரிய செய்தியாக மட்டுமே கொள்வதுண்டு. ஆயின் அவ்வரலாற்றினூடே பொறுப்பு என்னும் கருத்து மும்முறை இடம் மாறியிருப்பதையும், இன்று நான்காவது மாற்றம் ஒன்று நிகழ்ந்துகொண்டிருப்பதையும் காணலாம். அம்மாற்றங்களை ஒழுங்குபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே சுருள், இரு பயன்கள்

ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள பாடன் பிரதேசத்தின் இரு நகரங்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. மன்ஹைம் நகரிற் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டளவிற் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஹைன்றிக் ஹேர்ட்ஸ், மின்காந்த அலைகள் உண்டென்பதை மெய்ப்பித்த பரிசோதனைத் தொடரிற் கால்வைத்தார். அப்பரிசோதனைகள் 1888இல் நிறைவெய்தின. பென்ஸ் இளமையிற் கல்வி கற்றதும் அதே கார்ல்ஸ்ரூவிலேயாம்.

இருவரும் கையாண்ட கருவியும் ஒன்றே. பற்றரியின் சிறு மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்தும் தூண்டற் சுருளே அது. பென்ஸின் வண்டியில் அச்சுருள் தந்த தீப்பொறி எரிபொருளாவியை மூட்டியது. ஹேர்ட்ஸின் மேசையில் அதே போன்ற தீப்பொறி அலைகளைப் பிறப்பித்தது. ஒருவருக்கு வெப்பமே பயன், அலை வேண்டாத உபரி. மற்றவருக்கு அலையே பயன், வெப்பம் உபரி. ஆகவே தீப்பொறியால் இயங்கும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றும், உடையவன் விரும்பினும் விரும்பாவிடினும், பிறந்த நாள் முதல் ஒரு வானொலி பரப்பியாகவே வீதியில் ஓடிற்று எனலாம். நான்கு உருளைகள் கொண்ட நாலடி எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது செக்கனுக்கு 100 தீப்பொறிகள் பாய்கின்றன. ஒவ்வொன்றும் மிகக் குறுகிய துடிப்பாதலின், அதன் ஆற்றல் ஒரு மீடிறனில் நில்லாது மிகப் பரந்த மீடிறன் வீச்சிற் சிதறுகின்றது. கேட்பதற்குச் செவி எதுவும் இல்லாத காலம் வரை அது யார்க்கும் இடையூறாகவில்லை.

பின்வந்தோன் பொறுப்பு

மின்சாதனங்கள் ஒன்றையொன்று தாக்கும் சிக்கல் வானொலிக்கு முன்னரே தந்திக் கம்பிகளிலும் தொலைபேசிக் கம்பிகளிலும் தோன்றிவிட்டது. மின்விளக்குகளுக்கும் மின்னியக்கத் தெருவண்டிகளுக்கும் வலுவான மின்னோட்டம் பாயத் தொடங்கியபோது, அயலே சென்ற மெலிந்த கம்பிகளில் இரைச்சல் எழுந்தது. ஜேர்மானியப் பேரரசு 1892 ஏப்பிரலில் இயற்றிய தந்திச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு ஒரு தீர்வு கூறிற்று. இரு மின்னமைப்புகளுக்கிடையே இடையூறு நேர்ந்தாலோ, நேருமென அஞ்சப்பட்டாலோ, பின்னர் வந்த அமைப்பின் உடையவரே தம் செலவில், இயன்றவரை, அதனைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தீர்வு நிலச் சட்டத்தின் மனப்பான்மையைப் பெரிதும் ஒத்தது. முன்னர் குடியேறியவனுக்கு உரிமை. பின்னர் வந்தவனுக்குப் பொறுப்பு. கம்பிகள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை, அவற்றின் உடையவர்கள் அறியப்பட்டவர்கள் என்பதால் இவ்விதி நடைமுறைக்கும் ஏற்றதாயிருந்தது. ஆயின் ஓடும் வாகனத்துக்கும் வீட்டுக்குள் இருக்கும் வானொலிப் பெட்டிக்கும் இது எவ்வாறு பொருந்தும்?

செவியை அளத்தல்

1920களில் வானொலி ஒலிபரப்பு உலகெங்கும் பரவியது. வாகனத்தின் தீப்பொறிக்குச் செவிகள் தோன்றின. முதற்கண் அச்சிக்கலை எதிர்கொண்டவர்கள் வாகனத்துக்குள்ளேயே வானொலியைப் பொருத்த முனைந்தோரே. ஐக்கிய அமெரிக்காவிற் போல் கல்வின் என்பார் 1930இல் ‘மோட்டோரோலா’ என்னும் பெயருடன் கார் வானொலியைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது, எஞ்சினின் இரைச்சலை அடக்குவது அவர் குழுவினரின் தலையாய பிரச்சினைகளுள் ஒன்றாயிருந்தது. பிளக்குக்குச் செல்லும் உயரழுத்தக் கம்பியில் ஒரு தடை, டைனமோவில் ஒரு மின்னொடுக்கி, எஞ்சின் மூடிக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே நல்ல உலோக இணைப்பு என்பனவே அன்று கண்ட மருந்துகள். தடை தீப்பொறியை அணைப்பதில்லை. அதன் தொடக்கத்தில் திடீரெனப் பாயும் மின்னோட்டத்தின் கூர்மையையே மழுக்குகின்றது. மூட்டுவதற்கு வேண்டிய ஆற்றல் எஞ்சினுக்குக் கிடைக்க, அலையாகச் சிதறும் பகுதி குறைகின்றது.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வாகன உடையவனின் சொந்தச் செவியைக் காக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இரையும் வானொலியை யாரும் வாங்கார் ஆதலின் வணிகமே அதனைக் காத்தது. இந்த நம்பிக்கை எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

எல்லை வகுப்பதற்கு முன் அளவுகோல் வேண்டும். 1933இற் பாரிசிற் கூடிய கருத்தரங்கொன்றின் பயனாக, 1934இல் வானொலி இடையூறு பற்றிய சர்வதேச விசேட குழு அமைந்தது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அது ‘சிஸ்பர்’ என இன்றும் வழங்கப்படுகின்றது. அக்குழுவின் அளவீட்டு முறை சிந்தனைக்குரியது. ஒரு துடிப்பு எவ்வளவு வலியது என்பதோடு, அது எத்தனை விரைவில் மீண்டும் மீண்டும் வருகின்றது என்பதையும் கணக்கிற் கொள்ளும் வகையில் அளவுகருவி அமைக்கப்பட்டது. எப்போதாவது கேட்கும் ஒரு வெடியொலியை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். அதே ஒலி இடைவிடாது வரின் எரிச்சலுறுகிறான். அக்கருவி மின்விசையோடு மனித எரிச்சலையும் அளக்க முயன்றது எனல் மிகையாகாது. ஆகவே தொடக்ககால நியமங்கள் யாவும் மனிதச் செவியை நடுவாகக் கொண்டே வகுக்கப்பட்டன.

திரையில் விழுந்த வெண்புள்ளிகள்

இரண்டாம் உலகப் போர் இத்துறைக்குப் பெரும் உந்துதல் தந்தது. படைவாகனங்களிற் கம்பியில்லாத் தொடர்பு இன்றியமையாததாயிற்று. இடையூறு அடக்கப்பட்ட அமெரிக்கப் படைவாகனங்களின் பதிவிலக்கத்தை அடுத்து ‘எஸ்’ என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டமை இதற்குச் சான்று. எனினும் குடிமக்களின் வாகனங்கள்மீது சட்டம் கைவைத்ததற்குத் தொலைக்காட்சியே பெருங் காரணமாயிற்று.

பிரித்தானியாவில் 1936 நவம்பர் 2ஆம் நாள் பிபிசி நிறுவனம் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தொடங்கிய தொலைக்காட்சிச் சேவை, போர்க்காலத்தில் நின்று, 1946 ஜூனில் மீண்டும் எழுந்தது. படம் 45 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஒளிபரப்பாயிற்று. வாகனத் தீப்பொறியின் உமிழ்வு வலுவாயிருக்கும் பகுதியும் இதுவே. மேலும் அன்றைய பிரித்தானிய முறையில், அலையின் வலு கூடக் கூடத் திரையின் ஒளி கூடும். எனவே வீதியிற் செல்லும் ஒவ்வொரு காரும் வீட்டுத் திரையில் வெண்புள்ளிகளை வாரியிறைத்தது. ஒலியிலும் பொரிவது போன்ற ஓசை எழுந்தது. அமெரிக்காவிற் கையாளப்பட்ட முறையில் வலு கூடும்போது திரை இருளும் ஆதலின், அங்கே அதே இடையூறு கரும்புள்ளியாகத் தோன்றிக் கண்ணை அத்துணை உறுத்தவில்லை.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1949இல் இயற்றிய கம்பியில்லாத் தந்திச் சட்டம், இத்தகைய இடையூறுகளுக்கு ஒழுங்குவிதி வகுக்கும் அதிகாரத்தை அஞ்சல்மா அதிபதிக்கு அளித்தது. அதன்கீழ் 1952இல், தீமூட்டற் சாதனங்களின் இடையூற்றைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வெளிவந்தன.

இவ்விடத்திற் பொறுப்பு முதன்முறையாக இடம் மாறுவதைக் காண்கின்றோம். 1892ஆம் ஆண்டின் ஜேர்மானிய விதியை இங்கே பொருத்தினால், வீதியில் முன்வந்தது மோட்டார் வாகனம், பின்வந்தது தொலைக்காட்சி. ஆகவே செலவைத் தொலைக்காட்சி உடையோரே ஏற்றிருக்க வேண்டும். சட்டமோ அதற்கு மாறாக வாகனத்தின்மீதே பொறுப்பைச் சுமத்தியது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இடையூறு படம் வரும் அதே மீடிறனிலேயே வருவதால் அதனை வீட்டிலிருந்து வடித்தகற்றல் அரிது. ஊற்றிடத்திலோ மிக மலிவான ஒரு தடை போதுமாயிருந்தது. இரண்டாவது, கடந்து செல்லும் காரை வீட்டிலிருப்பவன் அறியான். அறிந்தாலும் அதனோடு பேரம் பேச இயலாது. தனித்தனி வழக்குகளாற் தீராத இச்சிக்கலுக்கு உற்பத்தியிடத்திலேயே தீர்வு காண்பது ஒன்றே வழியாயிற்று. முன்வந்தவன் யார் என்ற வினா மறைந்து, எவ்விடத்தில் தணித்தல் எளிது என்ற வினா தோன்றிற்று.

எல்லை கடந்த விதிகள்

ஒவ்வொரு நாடும் தனித்தனி எல்லை வகுத்தபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. ஒரு நாட்டில் ஏற்கப்பட்ட வாகனம் அயல்நாட்டின் எல்லையில் மறுபடியும் சோதனைக்கு நிற்க வேண்டியதாயிற்று. 1958 மார்ச் 20ஆம் நாள் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின்கீழ் ஏற்பட்ட உடன்படிக்கை, ஒரு நாடு வழங்கும் வகை அங்கீகாரத்தை ஏனைய உறுப்பு நாடுகளும் ஏற்க வழிசெய்தது. அதன் பத்தாம் இலக்க ஒழுங்குவிதி, வானொலி இடையூறு அடக்கல் பற்றியது. 1969 ஏப்பிரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1972 ஜூன் 20ஆம் நாள் இதே பொருளில் ஒரு பணிப்புரையை வெளியிட்டது. வாகனத்திலிருந்து 10 மீற்றர் தொலைவில் அளக்கும்போது, 40 முதல் 75 மெகாஹேர்ட்ஸ் வரை மீற்றருக்கு 50 மைக்குரோவோல்ற்று என்பதும், அதற்குமேல் 250 மெகாஹேர்ட்ஸ் வரை படிப்படியாக 120 மைக்குரோவோல்ற்றாக உயரும் என்பதும் அதன் எல்லைகள். அங்கீகாரத்துக்கு முன்வைக்கப்படும் மாதிரி வாகனம் இவ்வெல்லையினும் 20 சதவீதம் தாழ்ந்திருத்தல் வேண்டும்; தொழிற்சாலையினின்று வரும் வண்டிகள் யாவும் ஒரே அச்சாய் இரா என்பதை அறிந்து வகுத்த ஏற்பாடு இது. தீப்பொறியே இல்லாத டீசல் எஞ்சின் வாகனங்கள் அப்பணிப்புரைக்கு அப்பாற்பட்டனவாயிருந்தன. அன்றைய கண்ணோட்டத்திற் குற்றவாளி தீப்பொறி ஒன்றே.

ஐக்கிய அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. அங்கு வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் நியமங்களை உற்பத்தியாளர் தாமாகவே கைக்கொண்டனர். பிற்காலத்தில் இலக்கமுறைச் சாதனங்களுக்குக் கூட்டரசுத் தொடர்பாடல் ஆணைக்குழு எல்லை வகுத்தபோதும், வாகனங்களில் மட்டும் பயன்படுபவற்றை விலக்கியே வைத்தது.

வாகனமே செவியான காலம்

தீப்பொறி மட்டுமே குற்றவாளி என்ற கண்ணோட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் எரிபொருட் செலுத்துமுறை 1967இல் வொல்க்ஸ்வாகன் வாகனத்தில் இடம்பெற்றது. அதே நிறுவனத்தின் சக்கரப் பூட்டுத் தடுப்பு முறை 1978இற் சந்தைக்கு வந்தது. வாகனத்துக்குள் சிறு மின்னழுத்தங்களை உணர்ந்து முடிவெடுக்கும் கருவிகள் குடியேறின. அதுவரை பேசுவது மட்டுமேயாயிருந்த வாகனம் கேட்கவும் தொடங்கியது; தனக்கு உரியதல்லாதவற்றையும் சேர்த்தே கேட்டது.

இதற்கொரு சான்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1995இல் மின்காந்த இடையூறுகள் பற்றி வெளியிட்ட தொகுப்பிற் காணப்படுகின்றது. சக்கரப் பூட்டுத் தடுப்பு முறையின் தொடக்ககாலத்தில், ஜேர்மனியின் நெடுஞ்சாலையொன்றின் குறித்த வளைவில், அம்முறை பொருத்திய கார்களின் பிறேக் செவ்வனே இயங்கவில்லை; அயலிலிருந்த வானொலி பரப்பியே காரணமெனக் கண்டனர்; உடனடித் தீர்வாகச் சாலையோரத்திற் கம்பிவலைத் திரை எழுப்பப்பட்டது என அத்தொகுப்புக் கூறுகின்றது. இந்நிகழ்ச்சி பொறுப்புப் பற்றிய வினாவை முற்றாகத் தலைகீழாக்குவதைக் காண்க. வானொலி நிலையம் சட்டப்படி தனக்குரிய அலையைத்தான் பரப்பியது. அதனை நிறுத்துமாறு கேட்க எவர்க்கும் உரிமையில்லை. சாலைதோறும் திரை கட்டவும் இயலாது. ஆகவே தாங்கிக்கொள்ள வேண்டியது வாகனமே.

ஐரோப்பிய ஒன்றியம் 1995 அக்டோபர் 31ஆம் நாள் வெளியிட்ட பணிப்புரை இதனைச் சட்டமாக்கியது. ‘வானொலி இடையூறு அடக்கல்’ என்ற பழைய தலைப்புக்குப் பதிலாக ‘மின்காந்தப் பொருத்தப்பாடு’ என்ற புதிய எண்ணக்கரு இடம்பெற்றது. பிறரைத் தாக்காமை, பிறராற் தாக்குண்ணாமை என்னும் இரண்டும் சேர்ந்ததே பொருத்தப்பாடு. மீற்றருக்கு 24 வோல்ற்று வலுவுள்ள புலத்தை வாகனம் தாங்க வேண்டுமென அப்பணிப்புரை விதித்தது. இது பொறுப்பின் இரண்டாவது இடமாற்றம். பின்னர் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியில் இவ்வளவு 20 முதல் 2,000 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சின் பெரும்பகுதியில் 30 வோல்ற்றாக உயர்ந்தது.

எதிரொலி எழாத பெருங் கூடமொன்றில், உருளைகளின்மேல் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனத்தை ஓடவிட்டு, அப்புலத்தைப் பாய்ச்சுகின்றனர். வேகம் பத்து சதவீதத்துக்குமேல் மாறினால் வாகனம் தோற்றதாகும். தன் அயலார்க்கு 10 மீற்றர் தொலைவில் 50 மைக்குரோவோல்ற்றுக்குமேற் கொடுக்கலாகாது என்று விதிக்கப்பட்ட வாகனம், தான் 30 வோல்ற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்குமுள்ள விகிதம் ஆறு இலட்சம் மடங்கு. கொடுப்பதிற் சிக்கனமும் பொறுப்பதில் மிகுதியும் வேண்டுமென்ற இந்த ஏற்றத்தாழ்வே பொருத்தப்பாட்டின் உயிர்நிலை; இருபுறமும் போதிய இடைவெளி விட்டாலன்றி நெருங்கி வாழ்தல் இயலாது.

அளவீட்டின் மனப்பான்மையும் இதனோடு மாறிற்று. மனிதன் எரிச்சலுறுகிறான், கணிப்பொறி எரிச்சலுறுவதில்லை, பிழை செய்கிறது. ஒரே ஒரு துடிப்பும் அதற்குப் போதும். இதனாலேயே 2010இல் அமெரிக்காவில் டொயோட்டா வாகனங்கள் சில தாமாகவே வேகமெடுத்தன என்ற முறைப்பாடுகள் பெருகியபோது, மின்காந்த இடையூறு காரணமாகலாமோ என்ற ஐயமும் எழுந்தது. அரசின் வேண்டுகோளின்படி நாசா பொறியியலாளர் ஆராய்ந்தனர். இலத்திரனியற் குறைபாடு காரணமென்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என 2011 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது மாற்றமும் நான்காவதும்

மின்னாற்றலால் இயங்கும் வாகனத்திற் தீப்பொறி இல்லை. ஆகவே அது அமைதியானதென எண்ணத் தோன்றும். உண்மை வேறு. பற்றரியின் நேரோட்டத்தை மோட்டாருக்கேற்ற ஆடலோட்டமாக்கும் இன்வேட்டர், பல நூறு வோல்ற்றைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகின்றது. அவ்வெட்டுக்களின் மடங்கு மீடிறன்கள் மத்திய அலை வரிசையில் நேராக விழுகின்றன. தொலைக்காட்சியின் மீடிறனைக் காக்க வகுத்த பழைய எல்லைகளோ 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேலேயே தொடங்குகின்றன. மேலும் மின்னூட்டும் வேளையில் வாகனம் ஊரின் மின்வலையோடு கம்பியாற் பிணைகின்றது. 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மின்னூட்டும் நிலையையும் பத்தாம் இலக்க விதிக்குட் கொணர்ந்தது. 2020இல் சிஸ்பர் குழு வெளியிட்ட 36ஆம் இலக்க நியமம், மின்வாகனங்களுக்கு 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை எல்லை வகுத்து, வீடுகளிலுள்ள வானொலிகளைக் காக்க முனைந்தது. வீதியிற் செல்வது என்ற நிலையினின்று, வீட்டின் மின்வலையில் ஓர் உறுப்பு என்ற நிலைக்கு வாகனத்தின் பொறுப்பு விரிந்தமை மூன்றாவது மாற்றமாகும்.

ஆயின் வாகனத்துக்குள் இருக்கும் செவியின் நிலை யாது? உள்ளேயுள்ள வானொலியைக் காக்க 1995இல் வெளிவந்த சிஸ்பர் 25ஆம் இலக்க நியமம் உண்டு. ஆனால் மத்திய அலையைப் பொறுத்தமட்டில் அது சட்டமாகவில்லை. உற்பத்தியாளர் தம் விருப்பிற் கைக்கொள்வது. உடையவனின் செவியை வணிகம் காக்கும் என்ற 1930களின் நம்பிக்கை இங்கே தொடர்ந்து நின்றது. இன்வேட்டரின் இரைச்சலை அடக்கத் திரையிட்ட கம்பிகளும் வடிகளும் வேண்டும். அவற்றுக்குப் பணமும் எடையும் செலவாகும். உற்பத்தியாளர் சிலர் எளிய வழியொன்றைக் கண்டனர்: மத்திய அலை வானொலியையே மின்வாகனத்தினின்று அகற்றினர். இரைச்சலை நீக்குவதற்குப் பதிலாகச் செவி நீக்கப்பட்டது.

2023இல் போர்ட் நிறுவனம் தன் புதிய வாகனங்கள் பெரும்பாலானவற்றில் மத்திய அலையைக் கைவிடத் தீர்மானித்து, எதிர்ப்பெழவே அவ்வாண்டு மே மாதத்தில் அத்தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. அதே மாதத்தில் ஒவ்வொரு வாகனத்திலும் இவ்வானொலி இருத்தல் வேண்டுமென்னும் சட்டமூலம் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. புயல், வெள்ளம் முதலிய ஆபத்து வேளைகளில் தொலைதூரம் எட்டும் அறிவித்தல்கள் மத்திய அலையிலேயே வருகின்றன என்பது அதனை ஆதரித்தோரின் வாதம். சட்டம் ஊற்றிடத்திலும் தாங்குவோரிடத்திலும் பொறுப்பை வைத்தது போக, கேட்கும் உரிமையையே காக்க வேண்டுமா என்ற விவாதம் எழுந்துள்ளமையே நான்காவது மாற்றமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு உண்மைகள் பெறப்படும். ஒன்று, ஒழுங்குவிதி எப்போதும் கருவிக்குப் பின்னரே வந்துள்ளது. தீப்பொறிக்கும் 1952ஆம் ஆண்டு விதிக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகள். இலத்திரனியற் செலுத்துமுறைக்கும் தாங்குதிறன் விதிக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். இடைவெளி சுருங்கியுள்ளதே யன்றி மறையவில்லை. மற்றொன்று, விதி யாரைக் காக்கவென வகுக்கப்படுகின்றதோ அவர் மட்டுமே காக்கப்படுகின்றார். அயலானின் திரையைக் காக்க வகுத்த விதி அதனைக் காத்தது. உடையவனின் செவியை யாரும் எழுதிவைக்கவில்லை. செலவு மிகுந்தபோது முதலிற் கைவிடப்பட்டதும் அதுவே.

வீதியில் ஓடும் வாகனங்களிற் பெரும்பாலானவற்றை ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதி செய்யும் எம் நாட்டுக்கு இதிற் பாடமுண்டு. எங்கோ ஒரு மண்டபத்தில் தீர்மானிக்கப்பட்ட எல்லைகள் வாகனத்தின் உடலுக்குள் அமைந்தே எமது துறைமுகத்தில் இறங்குகின்றன. அவற்றில் எவை எழுதப்பட்டுள்ளன என்பதைப் போலவே, எவை எழுதப்படாமல் விடப்பட்டன என்பதையும் அறிந்திருத்தல் எமது பொறியியலாளர்க்கும் சட்டம் பயில்வோர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.